முதுகுப்பையோடு மலையூர்கள்: சென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் மேடு என்று சொன்னால் பரங்கிமலைதான். அதுவும் ஏறக்குறைய 300 அடி. அதில் ஏறி இறங்கிய தைரியத்தில் கொல்லிமலைக்கும் கோத்தகிரிக்கும் கிளம்பி, இரண்டாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அலுவலக நண்பர்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள் என்று ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் போகிற ஆள் நான்.

புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது வேலைகளின் வரிசையில். முதலில் ரூம் போடுவார்கள், அப்புறம் பை வாங்குவார்கள், கடைசி வாரத்தில் ரயில் தேடுவார்கள். எப்படி இறங்குவது என்பதை மலைமேல் போய்த்தான் யோசிப்பார்கள். மாதமும் ஊரும் முடிவானதும் நான் இறங்குவதிலிருந்து தொடங்குவேன். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் போகும்.

1. முதலில் மாதம், அப்புறம் மலை

ஊரை முடிவு செய்துவிட்டு விடுமுறையைத் தேடுவதுதான் வழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள். ஒரே மலை ஒரு மாதத்தில் சொர்க்கமாகவும் அடுத்த மாதத்தில் சேறாகவும் இருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறை, மேகமலை மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலை ஊர்களில் அப்போது மழையும் அட்டையும்தான். அந்த மாதங்களில் ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை ஓரளவு தப்பிக்கும். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் நிலைமை மாறும். நீலகிரியின் கிழக்குச் சரிவு நன்றாக நனையும். மேட்டுப்பாளையம் குன்னூர் பாதையில் மண் சரிந்து மலை ரயில் ரத்தாவது அந்த மாதங்களில் புதிதல்ல.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது டிசம்பர் கடைசி வாரம் முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை. வானம் தெளிவாக இருக்கும், பாதை காய்ந்திருக்கும். பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் நடு வரை காட்டுத்தீ காலம். வனத்துறை மலையேற்றப் பாதைகளை அப்போது மூடிவிடும். பொங்கல் விடுமுறையையும் தவிர்த்துவிடுங்கள். பாதி சென்னை அன்றைக்கு உங்களுக்கு முன்னால் கொண்டை ஊசி வளைவில் நின்றுகொண்டிருக்கும்.

2. பெரிய ஊரை விட்டுவிட்டு, பக்கத்துச் சின்ன ஊர்

ஊட்டிக்குப் போகிறவர் கோத்தகிரியில் தங்கலாம். கொடைக்கானல் போகிறவர் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் நகரலாம். காரணம் எளிது: சின்ன ஊரில் நடந்தே எல்லா இடத்துக்கும் போய்விடலாம். பெரிய ஊரில் ஒவ்வொரு இடத்துக்கும் டாக்சி பேச வேண்டும். முதுகுப்பைப் பயணத்துக்கு அது சரிப்படாது.

நான்கு நாளில் ஐந்து ஊர் என்று போடாதீர்கள். இரண்டு ஊர் போதும், அவை ஒரே மலையில் இருக்க வேண்டும். கோத்தகிரியும் குன்னூரும் நல்ல ஜோடி. இடையில் டவுன் பஸ் மாதிரி பஸ் ஓடுகிறது. ஏற்காட்டையும் கொடைக்கானலையும் ஒரே பயணத்தில் சேர்த்தால், பாதி விடுமுறை சேலத்திலும் திண்டுக்கல்லிலும் பஸ் மாறுவதிலேயே போய்விடும்.

முதன்முதலாகப் பையைத் தூக்குகிறவர்களுக்கு ஏலகிரியைச் சொல்வேன். உயரம் ஏறக்குறைய 1,100 மீட்டர், 14 கொண்டை ஊசி வளைவு, ஜோலார்பேட்டையிலிருந்து பக்கம். பை சரியில்லை, ஷூ கடிக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். இரண்டாவதாகக் கொல்லிமலை. வெள்ளியங்கிரியை முதல் ஏற்றமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஏழு மலையும் ஏறி இறங்க வேண்டும், பாதியில் மனசு மாறினாலும் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். பர்வதமலையும் அப்படித்தான், பாறையில் அடித்த கடப்பாரைகளைப் பிடித்து ஏறும் இடத்தில் பையோடு நின்று பழக்கம் தேடக்கூடாது.

3. இறங்கும் டிக்கெட்டை முதலில் போடுங்கள்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. ஞாயிறு இரவு சென்னைக்குத் திரும்பும் ரயில்கள்தான் முதலில் நிரம்பும். போகிற டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு வாரம் விட்டால், திரும்புகிற டிக்கெட் காத்திருப்போர் பட்டியலில் எங்கேயோ நிற்கும். அதனால் திரும்பும் டிக்கெட் முதலில்.

அடுத்த கணக்கு, அந்த ரயிலுக்கு மலையிலிருந்து எந்த பஸ்ஸில் இறங்குவது. அடிவாரத்துக்கு ரயில் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வந்துவிடும் பஸ்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் ஒரு லாரி வளைவில் மாட்டினால் ஒரு மணி நேரம் போச்சு. பனிமூட்டம் இறங்கினால் இன்னும் அரை மணி. நீங்கள் ஏற நினைக்கிற பஸ் மாலையின் கடைசி பஸ்ஸாக மட்டும் இருக்கக்கூடாது. அது வராவிட்டால் கையில் வேறு வழி இல்லை.

இனி போகும் வழி. இதில் புதியவர்கள் தவறும் இடங்கள் சில உண்டு.

ஏலகிரி எக்ஸ்பிரஸ் என்ற பெயரைப் பார்த்து டிக்கெட் போடுவார்கள். அது சென்னையிலிருந்து மாலையில் கிளம்பி இரவில்தான் ஜோலார்பேட்டை சேரும். காலையில் சென்னைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்குத்தான் அந்த ரயில் தோது. இரவு பத்து மணிவாக்கில் ஸ்டேஷன் வாசலில் பையோடு நின்றால் மலைக்குப் பஸ் ஏது? காலையில் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸோ பிருந்தாவனோ பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஏலகிரி மேலே உள்ள அத்தனாவூரில் இருக்கலாம்.

தென் மாவட்ட அரசு விரைவுப் பேருந்துகளுக்குக் கிளாம்பாக்கம் போக வேண்டும். பழைய பழக்கத்தில் கோயம்பேட்டில் போய் நிற்கும் ஆள் இன்னும் எங்கள் குழுவில் வருடத்துக்கு ஒருவராவது உண்டு. அங்கிருந்து கிளாம்பாக்கம் போக வெள்ளிக்கிழமை மாலையில் ஆகும் நேரத்தை நான் சொல்லத் தேவையில்லை.

நீலகிரிக்குச் சென்ட்ரலிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். கோத்தகிரிக்கு அங்கேயே பஸ். மலை ரயிலில் போக ஆசைப்பட்டால் அதற்குத் தனியாக முன்பதிவு வேண்டும். எக்ஸ்பிரஸ் டிக்கெட்டிலேயே அதுவும் சேர்த்தி என்று நினைத்து வந்து முழிப்பவர்கள் உண்டு. கொடைக்கானலுக்குக் கொடை ரோட்டில் விடியற்காலை இருட்டில் இறங்கினால் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். முதல் தொகைக்குத் தலையாட்டாமல் ஒரு டீ குடித்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் வத்தலக்குண்டு போய் மலை பஸ் ஏறலாம். கொல்லிமலைக்கு நாமக்கல்வரை இரவு ரயில், அங்கிருந்து செம்மேட்டுக்குப் பஸ்.

4. அனுமதிகள்

நீலகிரி, கொடைக்கானல் இரண்டுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் உண்டு. வால்பாறைக்கு 2025 நவம்பரில் வந்தது. சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ போனால் எடுத்தாக வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பே வைத்தார்கள். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவருக்கு இந்தக் கவலையே இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

காட்டுக்குள் நடப்பதற்கு அனுமதி தனி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதே வருடம் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது வழக்குப் பதிவாகும் குற்றம். ‘எனக்கு ஒரு ஷார்ட்கட் தெரியும் சார்’ என்று கடைவாசலில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மாட்டினால் அபராதம் உங்கள் பெயரில்தான் வரும்.

நேர்வழி, வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளம். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். உள்ளூர் மலைமக்கள் வழிகாட்டிகளாக வருவார்கள். முதல்முறை எளிதானதையே எடுங்கள். ஜிம் போகிறேன், நடுத்தரமே போதும் என்று எடுத்தவர்களை நான் கைபிடித்து இறக்கியிருக்கிறேன். ஜிம்மில் இறக்கம் கிடையாது.

ஆதார் அசலையே வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் இரண்டு எடுத்துப் போங்கள்.

5. தங்குமிடத்துக்கு ஒரு போன்

படத்தையும் மதிப்பெண்ணையும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். ஒரு போன் போடுங்கள். நான் கேட்பது மூன்றே கேள்வி. பஸ் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? ராத்திரி அங்கே யார் இருப்பார்கள்? உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

முதல் கேள்விக்கு ‘பக்கம்தான், வண்டி இருந்தா அஞ்சு நிமிஷம்’ என்று பதில் வந்தால் அது மூன்று கிலோமீட்டர். மலையில் மூன்று கிலோமீட்டர், முதுகில் பத்து கிலோ, மாலை ஆறரை மணி இருட்டு, பாதையில் காட்டுமாடு. வேண்டாம்.

இன்னொன்று: ஆறு பேர் வருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டால் மூன்று பேர்தான் வருவார்கள். முன்பணம் கைக்கு வந்த பிறகு ரூம் போடுங்கள். நட்பு கெடாமல் இருக்க வேறு வழி இல்லை.

6. நான்கு வாரம் படி இறங்குங்கள்

எழுத்துப் பிழை இல்லை, இறங்குவதைத்தான் சொல்கிறேன். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடையின் முன்தசை ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைத் தாங்கி நிறுத்துகிறது. சென்னையில் சமதரையில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் அந்தத் தசைக்கு அந்த வேலை பழகாது. அதனால்தான் மெரினாவில் தினம் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவருக்கும் மலையில் கால் நடுங்குகிறது.

முதல் வாரம் வெறும் கையோடு அடுக்குமாடிப் படி, நான்கு மாடி ஐந்து முறை. லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினாலும் பரவாயில்லை. இரண்டாம் வாரம் முதுகில் மூன்று கிலோ. தண்ணீர் பாட்டில்களே போதும். மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் போய் வாருங்கள். மலைக்கோயிலுக்கு 560-க்கு மேல் படிகள். காலை ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள், கருங்கல் சூடானால் கால் வைக்க முடியாது. நான்காம் வாரம் நிஜப் பையை நிஜ எடையோடு ஒருமுறை தூக்கி இரண்டு மணி நேரம் நடங்கள். தெருவில் பார்ப்பவர்கள் ஊரைவிட்டுப் போகிறீர்களா என்று கேட்பார்கள். கேட்கட்டும். பையின் வார் எங்கே கடிக்கிறது என்று வீட்டுப்பக்கமே தெரிந்துகொள்வது நல்லது.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு ஓய்வு. கால்விரல் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். இறங்கும்போது விரல்கள் ஷூவின் முனையில் போய்ப்போய் இடிக்கும். நீண்ட நகம் கறுத்துப்போய் அப்புறம் விழுந்தே விடும்.

7. ஷூவைப் பரணில் இருந்து எடுக்காதீர்கள்

ஏலகிரியில் சுவாமிமலை ஏறிக்கொண்டிருந்தோம். எங்களோடு வந்த தம்பி ஒருவர் நல்ல விலையுள்ள ட்ரெக்கிங் ஷூ போட்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் வாங்கியது, ஒரே ஒரு முறை போட்டது, அட்டைப்பெட்டியோடு பரணில் பத்திரமாக இருந்தது. பாதி தூரத்தில் ‘அண்ணே, ஏதோ ஒட்டின மாதிரி இருக்கு’ என்றார். குனிந்து பார்த்தால் வலது கால் சோல் குதிகாலில் பிளந்து, நாய் நாக்கு மாதிரி தொங்குகிறது. விரலால் தொட்டேன், நடுவில் இருந்த நுரை ஈரப் பிஸ்கட் போல உதிர்ந்தது. பத்து நிமிடத்தில் இடது காலும் அப்படியே. வழிகாட்டி அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. தன் பையிலிருந்து சணல் கயிறை எடுத்து, பாதத்தைச் சுற்றி எட்டு போல நாலு சுற்று சுற்றி, கணுக்காலில் முடிச்சுப் போட்டார். அந்தக் கட்டோடுதான் தம்பி இறங்கினார். அந்த அண்ணன் காலில் சாதாரண ரப்பர் செருப்பு.

காரணம் சென்னையின் காற்று. ஷூவின் நடு அடுக்கில் பெரும்பாலும் பாலியூரிதேன் நுரை இருக்கும். ஈரக்காற்றும் சூடும் சேர்ந்து அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். ஆகையால் பழைய ஷூ என்றால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே எடுத்து, சோலை வளைத்துப் பாருங்கள், போட்டு நடந்து பாருங்கள்.

புதிது வாங்கினால் மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவே சரி. கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் வேண்டும். புது ஷூவோடு நேராக மலைக்குப் போகாதீர்கள், குறைந்தது ஐம்பது கிலோமீட்டராவது ஊரில் போட்டு நடந்து பழக்குங்கள். பருத்தி சாக்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, கொப்புளம் போடும். கம்பளியோ செயற்கை இழையோ வாங்குங்கள். சூடாக உரசும் இடம் தெரிந்த உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். ‘அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கலாம்’ என்றால் அடுத்த திருப்பத்தில் கொப்புளம்தான் இருக்கும்.

8. பை: எதை எங்கே வைப்பது

நான்கு நாளுக்கு 40 லிட்டர் பை போதும். 60 லிட்டர் வாங்கினால் 60 லிட்டரையும் நிரப்பிவிடுவோம், அது மனித சுபாவம். உங்கள் எடையில் ஆறில் ஒரு பங்கைப் பை தாண்டக்கூடாது. 60 கிலோ ஆளுக்குத் தண்ணீரோடு சேர்த்துப் பத்து கிலோ.

அடியில் இரவு உடைகள். நடுவில், முதுகை ஒட்டி, கனமான பொருள்கள். கனம் முதுகை விட்டு வெளியே போனால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் கூன் போட்டு நடப்பீர்கள். மேலே மழைக்கோட்டு, தின்பண்டம், மருந்து. இடுப்புப் பட்டையை முதலில் இறுக்குங்கள், அப்புறம் தோள் வார். எடையில் பெரும்பகுதி இடுப்பில் உட்கார வேண்டும். புதியவர்கள் பத்தில் எட்டு பேர் இடுப்புப் பட்டையை அலங்காரத்துக்குத் தொங்கவிடுவார்கள். மாலையில் தோள் பிடித்துக்கொள்ளும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். சென்னையில் மாலை 28 டிகிரி என்றால் 2,100 மீட்டரில் உள்ள கொடைக்கானலில் 15-ஐ ஒட்டி இருக்கும். ஜனவரி இரவில் இன்னும் கீழே. ஒரு தடித்த ஜெர்க்கினை விட மெல்லிய உடை மூன்றை அடுக்காகப் போடுவது நல்லது. நடக்கும்போது வேர்க்கும், நின்றால் குளிரும். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டலாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் இரண்டு நாள் காயாது, எடை இரட்டிப்பாகும்.

பைக்கு மழை உறை இருந்தாலும் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். பைக்குள் இன்னொரு நீர் புகாத பை இருக்க வேண்டும். தெருமுனை டெய்லரிடம் மழைக்கோட்டுத் துணியில் தைத்துக்கொண்டாலும் போதும்.

மீதி சின்னச் சின்னது: நெற்றியில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், வழக்கமாகப் போடும் மாத்திரை, ஒரு துண்டு, பத்தடி சணல் கயிறு. கயிறு ஏன் என்று இப்போது கேட்க மாட்டீர்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குச் சில்லறை நோட்டும் வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது, டீக்கடைக்காரரும் பாவம். வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

9. கொண்டை ஊசி வளைவும் வயிறும்

கொல்லிமலைக்கு 70 வளைவு. வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40. ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து 20. வெறும் வயிற்றோடு போனாலும் குமட்டும், பூரி மசாலா அடித்துவிட்டுப் போனாலும் குமட்டும். இரண்டு இட்லி போதும்.

பஸ்ஸில் முன்பக்கம், ஜன்னல் ஓரம் பிடியுங்கள். கண்ணைத் தூரத்தில் வையுங்கள். வயிறு புரட்டக் காரணம், காது உணரும் திருப்பத்தைக் கண் பார்க்காததுதான். போனைப் பார்த்தால் இன்னும் மோசம். வழக்கமாக வாந்தி வருகிறவர்கள் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். ஐந்தாவது வளைவில் போட்டுப் பயனில்லை.

நடத்துநரிடம் டிக்கெட் வாங்கும்போதே ‘அண்ணே, இறங்குறதுக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு?’ என்று கேட்டுவிடுங்கள். இணையத்தில் உள்ள நேரத்தை விட அவர் சொல்வது சரியாக இருக்கும். மலை ஏறிய அன்றைக்குப் பெரிய நடை எதுவும் வைக்காதீர்கள். ஊரைச் சுற்றுங்கள், கடை எங்கே, மருத்துவமனை எங்கே, பஸ் எங்கே நிற்கும் என்று பார்த்து வையுங்கள்.

10. நடக்கும் நாள்

காலை ஏழு மணிக்குக் கால் பாதையில் இருக்க வேண்டும். மலையில் மதியத்துக்குப் பிறகு மேகம் கூடும். பள்ளத்தாக்கில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும்.

கிளம்பும் முன் திரும்பும் நேரத்தை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது 12 மணி. உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் 12 அடித்தால் திரும்புவோம். இன்னும் பத்து நிமிடம், பத்து நிமிடம் என்று போய்த்தான் டார்ச் வெளிச்சத்தில் இறங்கும் நிலை வருகிறது. எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்குமிடத்திலும் வீட்டில் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.

குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். வேகமானவர் முன்னால் போனால், பின்னால் வருபவர் வந்து சேரும்போது முன்னவர் ஓய்வெடுத்து முடித்துக் கிளம்பிவிடுவார். தேவைப்படுகிற ஆளுக்கு ஓய்வே கிடைக்காது. அரை நாளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தாகம் எடுக்கும் முன் வாய் நனைத்துக்கொள்ளுங்கள். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், மதியத்துக்குப் புளிச்சோறு. தாங்கும்.

இறங்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள், முழங்காலை லேசாக மடக்கியே வையுங்கள், செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் இறங்குங்கள். கையில் ஒரு மூங்கில் கம்பு இருந்தால் முழங்காலுக்குப் பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கும்.

கொல்லிமலை ஆகாய கங்கையில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே முதலில் ஆயிரத்துக்குச் சொச்சம் படி இறங்கி அருவிக்குப் போக வேண்டும். இறங்குவது கும்மாளமாக இருக்கும். குளித்துச் சாப்பிட்டுச் சோம்பி, மூன்று மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் அத்தனை படியும் தலைக்கு மேலே நிற்கும். அங்கே காலையிலேயே இறங்கி, ஏறுவதற்கு இறங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். சாப்பாடு மேலே வந்த பிறகு.

11. அருவி, கயிறு, காற்று

சாகசம் என்றால் எல்லோருக்கும் கயிற்றில் தொங்கிச் சறுக்கும் ஜிப்லைன் நினைவுக்கு வரும். மலையூர்களில் அதிகம் உயிர் போவது அருவியிலும் நீர்த்தேக்கத்திலும் என்பது என் எண்ணம். பாசிப் பாறையில் ஏறாதீர்கள், ஆழம் தெரியாமல் குதிக்காதீர்கள். தண்ணீர் சட்டென்று கலங்கி, சருகு மிதந்து வந்தால் மேலே மழை பெய்திருக்கிறது. துண்டைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள்.

கயிற்று விளையாட்டுகளில் பணம் கட்டும் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உங்களுக்கு முன்னால் போகிற ஆளுக்கு எப்படி மாட்டுகிறார்கள்? முக்கியக் கயிறு தவிர இரண்டாவதாகப் பாதுகாப்புக் கயிறு மாட்டுகிறார்களா? ஊழியர் ஒருமுறை மாட்டியதை இன்னொருவர் சரிபார்க்கிறாரா? உங்கள் முறை வரும்போது உடம்பில் மாட்டும் வார்க்கட்டான ஹார்னஸின் தொடைப் பட்டைக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும், கை முழுக்க நுழைந்தால் தளர்ச்சி. கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான கேரபைனரின் திருகு பூட்டியிருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். ஹெல்மெட் வாரை இறுக்குங்கள். ‘பரவாயில்ல சார், சின்ன ரைடுதான்’ என்று வார் போடாமல் அனுப்பிய இடத்திலிருந்து கட்டிய பணத்தை விட்டுவிட்டே நாங்கள் திரும்பியிருக்கிறோம்.

பாராகிளைடிங்குக்கு நம் பக்கத்தில் கேரளாவின் வாகமண் இருக்கிறது. வடக்கே இமாச்சலத்தில் பீர் பில்லிங். இமாச்சலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கத் தடை, அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். பைலட்டோடு சேர்ந்துதான் பறப்பீர்கள். அவருடைய உரிமத்தையும் மாற்றுப் பாராசூட் இருக்கிறதா என்பதையும் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கிளம்பும்போது ஓடச் சொன்னால் கால் தரையை விட்ட பிறகும் ஓடுங்கள். பயத்தில் பாதியில் உட்கார்ந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு, அதில் முதுகு அடிபடும். காற்று சரியில்லை, இன்று பறக்க முடியாது என்று பைலட் சொன்னால் அவர் நல்ல பைலட். பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை மட்டும் முன்னாலேயே பேசிவையுங்கள்.

ரிஷிகேஷிலோ தாண்டேலியிலோ ராஃப்டிங் போனால், படகிலிருந்து விழுந்தவுடன் நிற்க முயற்சி செய்யாதீர்கள். கால் பாறையிடுக்கில் மாட்டும், தண்ணீர் உடம்பை மடக்கிவிடும். மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதங்கள்.

12. அட்டையும் காட்டுமாடும்

அட்டை கடித்தால் பிய்த்து எறியாதீர்கள். அதன் வாய் ஒட்டிய இடத்தில் நகத்தை வைத்து மெல்ல நகர்த்தினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க ஒன்றை அது செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். அழுத்திப் பிடித்தால் நிற்கும். உப்பு, மூக்குப்பொடி என்று உள்ளூரில் வைத்தியம் உண்டு. அதை ஷூவின் மேலும் சாக்ஸின் மேலும் முன்கூட்டியே தடவிக்கொள்வதுதான் உருப்படியான உபயோகம்.

காட்டுமாடு வேறு விஷயம். கோத்தகிரி, கொடைக்கானல் தெருக்களிலேயே மாலையில் நிற்கும். மாடு என்று பெயர் இருப்பதால் நம் ஊர் மாடு போல நினைத்து செல்ஃபிக்குப் போகிறார்கள். தோள் உயரம் ஓர் ஆள் உயரத்துக்கு வரும், எடை ஒரு டன்வரை இருக்கும். நின்று, பின்னால் நகர்ந்து, அது போகும்வரை காத்திருங்கள். இருட்டிய பிறகு ஊரின் ஓரப் பாதையில் நடக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. அவசரத்துக்கு 108, 112 இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

13. இறங்கும் நாளும் அதற்கு மறுநாளும்

கடைசி நாளில் காலை ஒரு சின்ன நடை போதும். பையை முந்தின இரவே கட்டிவிடுங்கள். குறித்து வைத்த பஸ்ஸுக்கு அரை மணி முன்னால் நிறுத்தத்தில் நில்லுங்கள். சின்ன ஊரில் பஸ் நிரம்பினால் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடும். நின்றுகொண்டே எழுபது வளைவு இறங்குவது நல்ல அனுபவம் இல்லை.

வீட்டுக்கு வந்து குளித்துப் படுத்துவிடாதீர்கள். பையைக் கவிழ்த்து உதறுங்கள், ஈரத்தோடு மூடி வைத்தால் மூன்றே நாளில் பூஞ்சை பிடிக்கும். ஷூவின் லேஸை அவிழ்த்து, நாக்கை வெளியே இழுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். வெயில் வேண்டாம், பசை இளகும். காகிதத்தை மறுநாள் காலையில் மாற்றுங்கள். காய்ந்த பிறகு செருப்பு ஸ்டாண்டிலேயே இருக்கட்டும். சனிக்கிழமை காய்கறி வாங்கப் போகும்போது அதையே போட்டுக்கொண்டு போங்கள்.